வழுநீக்கிக் கருவிகளை ஏஐ முகவர்களுக்காக ஆவணப்படுத்துவது எப்படி?

கருவிப்பட்டறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சி++ மொழியில் எழுதப்பட்ட, பல த்ரெட்களில் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பணித்தொடர்களில்) இயங்கும் ஒரு சேவையக மென்பொருளை எங்கள் குழு பராமரித்து வருகிறது. அதன் வழுக்களை ஆராய்வதற்கு ஜிடிபி வழுநீக்கியையும் (நிரலை இடையில் நிறுத்தி அதன் உள்நிலையைப் பார்க்க உதவும் கருவி), அதன் பைதான் இடைமுகத்தைக் கொண்டு நாங்களே எழுதிச் சேர்த்த சில கட்டளைகளையும் பயன்படுத்துகிறோம். மனிதர்கள் படிப்பதற்கான கையேடு ஒன்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது. இப்போது நிரலெழுதும் ஏஐ முகவர்களும் இதே கருவிகளை இயக்கத் தொடங்கியிருப்பதால், அந்தக் கையேட்டை அப்படியே அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தோம்.

முகவர் கட்டளைகளைப் பிழையின்றி எழுதுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிரல் ஓடி முடிந்த பிறகும் அழைப்பு அடுக்கை (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசையை) காட்டச் சொல்கிறது. நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறியின் மதிப்பைக் கேட்கிறது. எதிர்பார்த்த விடை வராவிட்டால் காரணம் ஒன்றைத் தானே கற்பித்துக்கொண்டு மூலநிரலைத் திருத்தப் போய்விடுகிறது. கையேட்டில் இன்னும் எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அடுக்குத்தடம்

உங்கள் கையேட்டில் முதலில் நீக்க வேண்டியது கட்டளைப் பட்டியல்தான் என்பது என் கருத்து. ஜிடிபி 1986-இலிருந்து இருக்கிறது. அதைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டவற்றில் பல மொழி மாதிரிகளின் பயிற்சித் தரவில் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. நிறுத்தப்புள்ளி (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைப்பது எப்படி என்று முகவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்களே எழுதிச் சேர்த்த கட்டளைகளை மட்டும் விளக்கினால் போதும், ஏனெனில் அவற்றை அது வேறெங்கும் கண்டிருக்க முடியாது.

அதற்குத் தெரியாமல் இருப்பது, இந்த நொடியில் தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது. மனிதர் திரையின் முன் உட்கார்ந்திருக்கும்போது, நிரல் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்பதைக் கண்ணாலேயே உணர்ந்துகொள்கிறார். கட்டளைக் குறி திரும்ப வரவில்லை என்றால் நிரல் இன்னும் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். முகவருக்குக் கிடைப்பதோ, ஒரு கட்டளையை அனுப்பியபின் திரும்பி வரும் எழுத்துச் சரம் மட்டுமே. ஆகவே ஆவணம் நிலைகளைச் சுற்றி அமைய வேண்டும்: நிரல் இன்னும் தொடங்கவில்லை, ஓடுகிறது, நின்றிருக்கிறது, முடிந்துவிட்டது, கோர் டம்ப் (நிரல் சிதைந்த நொடியின் நினைவகப் பதிவு) மட்டும் கையில் இருக்கிறது என்ற ஒவ்வொரு நிலையிலும் எந்தக் கேள்விகளுக்குப் பொருள் உண்டு, எவற்றுக்குப் பொருள் இல்லை, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிட்டோம் என்பதை வெளியீட்டின் எந்த வரி காட்டுகிறது என்று எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பேட்ச் முறையில் (கட்டளைகளை முன்கூட்டியே தந்து, ஆள் தலையீடின்றி ஓட்டும் முறையில்) ஜிடிபியைத் தொடங்கி, நிரலை ஓட்டு, பிறகு அழைப்பு அடுக்கைக் காட்டு என்று இரண்டு கட்டளைகளை வரிசையாகக் கொடுப்பது வழக்கம். நிரல் சிதையாமல் இயல்பாகவே முடிந்துவிட்டால், இரண்டாவது கட்டளைக்கு ‘நோ ஸ்டாக்’ என்ற விடை வரும். மனிதர் அதைப் படித்ததும் ‘இந்த முறை வழு வெளிப்படவில்லை’ என்று புரிந்துகொள்வார். முகவரோ, குறியீட்டுத் தகவல் (செயற்கூறுகள், மாறிகளின் பெயர் விவரம்) இல்லாததால்தான் அடுக்கு வரவில்லை என்று முடிவுசெய்து, கம்பைலர் விருப்புகளை மாற்றத் தொடங்கும். இந்த ஒரு வரியின் பொருளை ஆவணத்தில் எழுதி வைத்தாலே அந்தத் தடுமாற்றம் நின்றுவிடும்.

இதைவிட ஆழமான கண்ணி ஒன்று உண்டு. பின்னர் ஏற்றப்படவிருக்கும் பகிர்வு நூலகத்திலுள்ள செயற்கூறு ஒன்றில் நிறுத்தப்புள்ளி வைக்கச் சொன்னால், அந்தப் பெயரை ஜிடிபி அப்போது அறிந்திருக்காது. நூலகம் ஏற்றப்படும்வரை இதை நிலுவையில் வைக்கட்டுமா என்று அது கேட்கும். விடை சொல்ல ஆள் இல்லாத முறையில் அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்பதே இயல்பு விடை. நிறுத்தப்புள்ளி வைக்கப்படுவதில்லை, நிரல் கடைசிவரை ஓடிவிடுகிறது, அந்தச் செயற்கூறு அழைக்கப்படவே இல்லை என்று முகவர் அறிக்கை தருகிறது. நிலுவை நிறுத்தப்புள்ளிகளை முன்கூட்டியே அனுமதிக்கும் அமைப்பு ஜிடிபியில் இருக்கிறது; அதைத் தொடக்கத்திலேயே இயக்கி வைக்க வேண்டும் என்பதோடு, ‘நிற்கவில்லை’ என்பதும் ‘அழைக்கப்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல என்பதையும் தெளிவாக எழுத வேண்டும்.

குறைவேசிறப்பு

மேலே சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அவற்றை ஆவணத்தில் எழுதுவது தவறான இடத்தில் மருந்து தடவுவதாகும். ‘நோ ஸ்டாக்’ என்ற சொல் முகவரைக் குழப்புகிறது என்றால், உங்கள் பைதான் கட்டளை அந்த இடத்தில் ‘நிரல் இயல்பாக முடிந்தது, வெளியேற்றக் குறியீடு 0, ஆராய அடுக்கு எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே. நிலுவை நிறுத்தப்புள்ளி அமைப்பைத் தொடக்கக் கோப்பில் வைத்துவிட்டால், அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்காது.

முகவர் ஆவணத்தை வேலையின் தொடக்கத்தில் ஒருமுறை படிக்கிறது. அதன்பின் பல ஆயிரம் டோக்கன் (மாதிரி உரையைப் படிக்கும் சிறு துண்டு) அளவிலான வெளியீடுகள் வந்து குவியும்போது, அங்கே படித்தது அதன் கவனத்தின் விளிம்புக்குப் போய்விடுகிறது. பிழைச்செய்தியோ, தேவைப்படும் நொடியில், தேவைப்படும் இடத்திலேயே படிக்கப்படுகிறது. ஆகவே கருவி தரும் செய்திகளே முதன்மை ஆவணம் என்று கொள்ளுங்கள். தனிக் கோப்பில் எழுதுவதெல்லாம், கருவியால் சொல்ல முடியாதவற்றுக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டும்.

அடுக்குத்தடம்

உங்கள் சொந்தக் கட்டளைகளைப் பொறுத்தவரை இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் முகவர் அந்தக் கட்டளைகளோடு நின்றுவிடுவதில்லை. நேரடியாக ஜிடிபியையே அழைக்கும், வேறொரு கணினியில் எல்எல்டிபி என்னும் வேறு வழுநீக்கியை அழைக்கும். அவற்றின் செய்திகளை நம்மால் மாற்ற முடியாது. மேலும், செய்தியே வராத இடங்களும் உண்டு. ஜிடிபி ஒரு சரத்தையோ அணியையோ அச்சிடும்போது, இயல்பாக 200 உறுப்புகளோடு நிறுத்திக்கொண்டு மூன்று புள்ளிகளை மட்டும் இடுகிறது. அந்தப் புள்ளிகளைக் கவனிக்காத முகவர், சரம் அங்கேயே வெட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்து, இல்லாத ஒரு இடையக (பஃபர்) வழுவைத் தேடிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கருவி தன் கடமையைச் சரியாகவே செய்தது; அந்த வரம்பைச் சொல்ல வேண்டியது ஆவணம்தான்.

அதே வேளையில் வரம்பை முழுவதுமாக நீக்கிவிடுங்கள் என்று எழுதுவதும் சரியன்று. பல மெகாபைட் அளவுள்ள இடையகம் ஒன்று முகவரின் சூழல் சாளரத்துக்குள் (அது ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளக்கூடிய உரைக்குள்) கொட்டப்பட்டால் உரையாடல் அத்துடன் முடிந்துவிடும். ‘நீளத்தை முதலில் கேள், பிறகு தேவையான பகுதியை மட்டும் கேள்’ என்ற வழக்கத்தை எழுதுவதே பொருத்தமானது. அழைப்பு அடுக்குக்கும் இது பொருந்தும்: முடிவற்ற தற்சுழற்சியால் (செயற்கூறு தன்னையே அழைத்துக்கொண்டே இருப்பதால்) அடுக்கு நிரம்பிச் சிதைந்த நிரலில், முதல் இருபது சட்டகங்களும் (ஒவ்வொரு அழைப்புக்கும் உரிய பதிவுகளும்) கடைசி இருபது சட்டகங்களும் போதும்; நடுவில் இருக்கும் பல்லாயிரம் வரிகளில் புதிய செய்தி எதுவும் இல்லை.

மலைப்பாம்பு

பைதான் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். பைதானின் வழுநீக்கியான பிடிபியைக் கட்டளை வரியிலிருந்து தொடங்கினால், நிரல் முடிந்ததும் அது வெளியேறுவதில்லை. நிரலை மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஏற்றி, முதல் வரியில் நிறுத்தி வைக்கிறது. நிறுத்தப்புள்ளிகள் மறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மனிதர்களை நினைத்துச் செய்யப்பட்ட வசதி அது. முகவரோ முதல் வரியைக் கண்டதும், நிரல் இன்னும் தொடங்கவே இல்லை என்று எண்ணி, மீண்டும் ‘தொடர்’ என்கிறது. நிரல் தரவுத்தளத்தில் எழுதுவதாக இருந்தால், அந்த எழுத்து இரண்டு முறை நடந்துவிடும்.

பைடெஸ்ட் சோதனைகளைப் பிடிபியோடு ஓட்டும் விருப்பும் இதே வகையில் தொல்லை தருகிறது: சோதனை தோற்ற இடத்தில் நின்று விசைப்பலகை உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும். எதிர்முனையில் யாரும் இல்லாததால், முகவரின் காலவரம்பு முடியும்வரை காத்திருப்பு நீடிக்கும், அல்லது உள்ளீடு மூடப்பட்டிருப்பதைக் கண்டு பிடிபி தன் சொந்த விதிவிலக்கை எழுப்பி வெளியேறும். அந்த விதிவிலக்கையே உண்மையான வழு என்று முகவர் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆவணத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் ‘இது எப்போது திரும்பும்?’ என்ற கேள்விக்கு விடை எழுதுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். மற்ற எந்த மாற்றத்தையும்விட இதுவே அதிகம் பயன்பட்டது.

பைதான் 3.14 முதல், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு பைதான் செயல்முறையோடு அதன் எண்ணைக் கொடுத்துப் பிடிபியை இணைக்க முடிகிறது. வசதிதான், ஆனால் முகவரின் கையில் கொடுப்பதற்கு முன் எந்தச் செயல்முறைகளோடு இணையலாம் என்பதை எழுதிவைப்பது நல்லது.

அச்சிட்டுப்பார்

அடிப்படையான ஐயம் ஒன்றை எழுப்ப விரும்புகிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகவருக்கு வழுநீக்கி தேவைதானா? நான்கு இடங்களில் அச்சிடும் வரிகளைச் சேர்த்து, மறுபடி ஓட்டி, வெளியீட்டைப் படிப்பது அதற்கு மிக எளிதாக வருகிறது. அந்த முறையில் நிலை என்ற சிக்கலே இல்லை: ஓடும், முடியும், எழுத்து வரும். பெரும்பாலான வழுக்களுக்கு அதுவே போதுமென்றால், இத்தனை பக்கம் ஆவணம் எழுதுவது யாருக்காக?

அடுக்குத்தடம்

பெரும்பாலான வழுக்களுக்கு அது போதும் என்பதை மறுக்கவில்லை. ஆவணத்தின் முதல் பத்தியிலேயே அப்படி எழுதிவிடலாம். எப்போது வழுநீக்கியை எடுக்க வேண்டாம் என்று சொல்லாத ஆவணம் முழுமையற்றது. ஆனால் மூன்று சூழல்களில் அச்சிடுதல் உதவாது. ஒன்று, நிரலை மறுபடி ஓட்ட முடியாமல் கோர் டம்ப் மட்டுமே கிடைத்திருப்பது. இரண்டாவது, மறுபடி தொகுப்பதற்கே மிக நீண்ட நேரம் ஆகும் பெரிய நிரல். மூன்றாவது, அச்சிடும் வரியைச் சேர்த்ததுமே மறைந்துவிடும் த்ரெட் போட்டி நிலை (த்ரெட்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்துத் தோன்றும் வழு). அங்கே நிறுத்தப்புள்ளியும் காலத்தை மாற்றிவிடும் என்பதால் சாதாரண வழுநீக்கியும் உதவாமல் போகலாம்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு 2025-இல் வெளியிட்ட டீபக்-ஜிம் என்னும் சூழல் இந்தக் கேள்வியை ஆராய்வதற்கென்றே அமைந்தது. முகவர்களுக்குப் பிடிபி போன்ற கருவிகளைக் கொடுத்து, வழுக்களைத் தீர்ப்பதில் அவை எவ்வளவு பயன்படுத்திக்கொள்கின்றன என்று பார்க்கும் ஏற்பாடு அது.

திரும்பியோட்டம்

மூன்றாவது சூழலுக்கு ஆர்ஆர் இருக்கிறது. மொசில்லாவில் தொடங்கப்பட்ட இந்தக் கருவி நிரலின் ஓர் ஓட்டத்தைப் பதிவுசெய்து, பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் அதே ஓட்டத்தை அச்சு மாறாமல் மறுபடி நிகழ்த்துகிறது. நினைவக முகவரிகள்கூட மாறுவதில்லை. என் பார்வையில் முகவர்களுக்கு இதைவிட ஏற்ற வழுநீக்கி இல்லை. ஏனென்றால் ஒரு தவறான அடி எடுத்துவைத்தாலும் எதுவும் கெட்டுவிடாது, தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி கேட்கலாம். பாழாகிப்போன மாறி ஒன்றில், அதன் மதிப்பு மாறும்போது நிறுத்தும் கண்காணிப்புப்புள்ளி வைத்து, பின்னோக்கி ஓட்டி, அதைக் கடைசியாக எழுதிய வரியில் போய் நிற்கலாம். ‘யார் எழுதியது?’ என்று ஊகிக்கும் வேலையே அங்கு இல்லை.

ஆனால் ஆவணத்தில் தவறாமல் சொல்ல வேண்டிய இரண்டு வரம்புகள் உண்டு. ஆர்ஆர் செயலியின் வன்பொருள் எண்ணிகளை நம்பி இயங்குகிறது. பல மெய்நிகர் கணினிகளில் அவை கிடைப்பதில்லை. ஆகவே பதிவு தொடங்கும் முன் அவை இருக்கின்றனவா என்று பார்க்கும் படியும், இல்லையென்றால் வேலையை நிறுத்திப் பயனரிடம் சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகவர் கருனல் அமைப்புகளை மாற்றிப் பார்க்கத் தொடங்கிவிடும். அடுத்தது, எல்லா த்ரெட்களும் ஒரே நேரத்தில் ஓடாமல் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட்டப்படுகின்றன. எனவே சில போட்டி நிலைகள் பதிவின்போது வெளிப்படாமல் போகலாம். அதற்காகவே த்ரெட் வரிசையைக் கலைத்துப்போடும் ‘கேயாஸ்’ முறை இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காவற்கோபுரம்

இதுவரை யாரும் பாதுகாப்பைத் தொடவில்லை. வழுநீக்கி என்பது படிக்கும் கருவி மட்டுமன்று. ஒரு வெளிப்பாட்டை மதிப்பிடச் சொல்லும்போது, அதில் செயற்கூறு அழைப்பு இருந்தால், ஆராயப்படும் நிரலுக்குள்ளேயே அந்தச் செயற்கூறு உண்மையில் இயங்குகிறது. கோப்பை அழிக்கும் செயற்கூறாக இருந்தால் கோப்பு அழியும். ஜிடிபிக்குள்ளிருந்து ஷெல் கட்டளைகளையும் பைதானையும் இயக்கலாம். எனவே முகவருக்கு ஷெல்லைத் தடைசெய்துவிட்டு ஜிடிபியை மட்டும் அனுமதிப்பது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

செயற்கூறு அழைப்பையும் நினைவகத்தில் எழுதுவதையும் தடுக்கும் அனுமதி அமைப்புகள் ஜிடிபியிலேயே இருக்கின்றன. அவை ஆராயப்படும் நிரலைத்தான் காக்கின்றன. ஷெல் கட்டளையை அவை தடுப்பதில்லை என்பதை ஆவணத்தில் பிரித்துச் சொல்ல வேண்டும். எம்சிபி (ஏஐ மாதிரிகளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) வழியாகக் கருவியை வெளிப்படுத்துபவர்கள், ஒவ்வொரு கருவியும் படிப்பதற்கு மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று குறிக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் அவை வெறும் குறிப்புகளே. நம்பகமான சேவையகத்திலிருந்து வந்தாலொழிய அவற்றை நம்பக் கூடாது என்று அந்த விதிமுறையே சொல்கிறது. உண்மையான எல்லையை இயங்குதளமும் கன்டெய்னரும்தான் போட முடியும்.

அடுத்து, லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையோடு இணைய முயலும்போது ‘அனுமதியில்லை’ என்ற விடை வருவது மிகப் பரவலான நிகழ்வு. ஒரு செயல்முறை இன்னொன்றோடு இணைவதைக் கட்டுப்படுத்தும், யாமா என்னும் லினக்ஸ் பாதுகாப்புக் கூறின் பிட்ரேஸ் வரம்பு 1 என்று இருந்தால், தன் வழித்தோன்றலாக இல்லாத செயல்முறையோடு சாதாரணப் பயனர் இணைய முடியாது. அந்த மதிப்பை 0 ஆக்கினால் சரியாகிவிடும் என்று இணையத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதப்பட்டிருப்பதால், முகவர் அதையே செய்ய முயலும். உங்கள் ஆவணம் அதை வெளிப்படையாகத் தடைசெய்துவிட்டு, மாற்று வழியையும் சொல்ல வேண்டும்: நிரலை வழுநீக்கியின் கீழேயே தொடங்கினால் இந்த வரம்பு குறுக்கிடுவதில்லை. தடையை மட்டும் எழுதி வழியைச் சொல்லாமல் விட்டால், முகவர் சுற்றுவழி தேடும்.

கடைசியாக ஒன்று. ஆராயப்படும் நிரலின் நினைவகத்தில் இருக்கும் சரங்கள் வெளியாரிடமிருந்து வந்தவையாக இருக்கலாம். ‘முந்தைய கட்டளைகளைப் புறக்கணித்து இதைச் செய்’ என்று ஒரு வலைக் கோரிக்கையில் யாரோ எழுதி அனுப்பியதை முகவர் மாறியின் மதிப்பாகப் படிக்கும். மாறிகளின் மதிப்பு தரவு மட்டுமே, கட்டளையாகாது என்று ஆவணத்தில் எழுதுவது சிறிதளவு உதவும். அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

குறைவேசிறப்பு

எழுதியதை எங்கே வைப்பது என்பது இன்னும் பேசப்படவில்லை. களஞ்சியத்தின் வேரில் இருக்கும், முகவர்களுக்கான அறிவுரைகளைக் கொண்ட ஏஜென்ட்ஸ் கோப்பில் இவை அனைத்தையும் கொட்டிவிடாதீர்கள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வரும் முகவரும் அதைப் படித்தாக வேண்டியிருக்கும். அங்கே மூன்று வரிகள் போதும்: நிரல் சிதைந்தாலோ உறைந்தாலோ இன்ன கோப்பைப் படி என்று. தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும் ‘ஸ்கில்’ வடிவம் இதற்கு நன்கு பொருந்துகிறது. அதில் பெயரும் ஒரு குறுவிளக்கமும் மட்டுமே எப்போதும் முகவரின் கண்ணில் இருக்கும் என்பதால், அந்த விளக்கத்தில் கருவியின் பெருமையை எழுதாமல், எந்த அறிகுறியைக் கண்டால் இதைத் திறக்க வேண்டும் என்பதை எழுதுங்கள்.

எம்சிபி சேவையகமாகக் கொடுப்பதானால், ஒவ்வொரு ஜிடிபி கட்டளைக்கும் ஒரு கருவி என்று அடுக்குவது எனக்கு உடன்பாடில்லை. கருவிகளின் விளக்கங்கள் அனைத்தும் சூழல் சாளரத்தில் இடம்பிடிக்கும்.

நெறிமுறையாளர்

டிஏபி, அதாவது வழுநீக்கி இணைப்பு நெறிமுறை வழியாக வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜிடிபி 14-ஆம் பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே இந்த நெறிமுறைக்கான ஆதரவு இருக்கிறது. கோ மொழிக்கான டெல்வ் வழுநீக்கியிலும் இருக்கிறது. விடைகள் ஜேசன் வடிவில் வருவதால், எழுத்துச் சரத்தைப் பிரித்தறியும் தொல்லை முகவருக்கு இல்லை. நிரல் நின்றதும் அதற்கான காரணத்தோடு தனி நிகழ்வாகவே வந்து சேர்கிறது. முன்பு பேசப்பட்ட நிலைக் குழப்பத்தில் பாதி இங்கே எழுவதில்லை.

ஆனால் புதிதாக ஒரு குழப்பம் எழுகிறது. மாறிகளைக் குறிக்க இந்த நெறிமுறை தரும் எண்கள், நிரல் நின்றிருக்கும் அந்த ஒரு நிறுத்தத்துக்கு மட்டுமே செல்லும். நிரல் ஓர் அடி நகர்ந்தாலும் அவை காலாவதியாகிவிடுகின்றன. முகவரோ பழைய எண்ணைத் தன் உரையாடலில் கண்டு, அதையே மறுபடி பயன்படுத்தும். சில சமயம் பிழை வரும். சில சமயம் அதே எண் வேறொரு மாறிக்குத் தரப்பட்டிருந்தால், தவறான மதிப்பு அமைதியாக வந்து சேரும். ஆகவே கருவி திருப்பித் தரும் ஒவ்வொரு அடையாளத்துக்கும் அதன் ஆயுளை ஆவணத்தில் எழுதுங்கள். நிறுத்தப்புள்ளி எண்ணின் ஆயுள் வேறு, சட்டக எண்ணின் ஆயுள் வேறு.

கருவிப்பட்டறை

அனைவருக்கும் மிக்க நன்றி. இவற்றைக் கொண்டு எழுதிய வரைவின் தொடக்கப் பகுதியைக் கீழே இடுகிறேன். குறை இருந்தால் சுட்டுங்கள்.

“அதே உள்ளீட்டைத் தந்தால் வழு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது என்றால், முதலில் பதிவு வரிகளைப் படித்துப் பார், வழுநீக்கியைத் திறக்க வேண்டாம். கோர் டம்ப் இருந்தால், அதை உருவாக்கிய அதே இயங்குகோப்பு உன்னிடம் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய். இல்லையென்றால் நிறுத்திவிட்டுச் சொல். ஜிடிபியைப் பேட்ச் முறையில் மட்டுமே தொடங்கு, பக்கப்பிரிப்பை அணை, உறுதிப்படுத்தும் கேள்விகளை அணை, நிலுவை நிறுத்தப்புள்ளிகளை அனுமதி. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வெளியிலிருந்து காலவரம்பு வை. காலவரம்பு முடிந்தால் அதை வழு என்று கொள்ளாதே. எல்லா த்ரெட்களின் அடுக்கையும் எடுத்துவிட்டு, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார். மாறியின் மதிப்பு ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தால், மாறி பாழானது என்று பொருளில்லை. கம்பைலர் அதை அந்த இடத்தில் வைத்திருக்கவில்லை. அழைத்த சட்டகத்துக்கு ஏறி, அங்கே அதே மதிப்பைத் தேடு. மூலநிரலைத் திருத்தும் முன், நீ கண்ட வெளியீட்டின் எந்த வரி உன் முடிவுக்கு ஆதாரம் என்பதை எடுத்துக்காட்டு.”

அடுக்குத்தடம்

நல்ல வரைவு, குறிப்பாகக் கடைசி வாக்கியத்தை அப்படியே என் குழுவுக்கும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒரு திருத்தம்: பேட்ச் முறை தானாகவே பக்கப்பிரிப்பையும் உறுதிப்படுத்தும் கேள்விகளையும் அணைத்துவிடுகிறது, ஆகவே அந்த இரண்டு கட்டளைகளும் அங்கே மிகை. மிகையானவற்றை எழுதினால் முகவர் ஒவ்வொரு முறையும் அவற்றைத் திருப்பி எழுதும்.

கோர் டம்ப் பற்றிய வரியில் ‘அதே இயங்குகோப்பு’ என்பதை எப்படி உறுதிசெய்வது என்று சொல்லுங்கள். கோப்பின் பெயரும் தேதியும் போதாது. இணைப்பான் பதித்துவைக்கும் பில்ட்-ஐடி என்னும் தனி அடையாளம் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். பொருந்தாத இயங்குகோப்போடு திறந்தால் ஜிடிபி ஓர் எச்சரிக்கை தந்துவிட்டு, அதன்பின் நம்பத்தகுந்தாற்போல் தோன்றும் தவறான அடுக்கைக் காட்டக்கூடும். அதைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் முகவருக்குக் கிடையாது.

காவற்கோபுரம்

காலவரம்பு வரியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. ஜிடிபியே தொடங்கிய நிரல் என்றால், ஜிடிபி வெளியேறும்போது அந்த நிரலும் கொல்லப்படும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததோடு இணைந்திருந்தால், விடுவித்துவிட்டு வெளியேறும். ஆனால் இணைந்திருக்கும் நேரம் முழுவதும் அந்தச் செயல்முறை நின்றிருக்கும்; சேவையகமாக இருந்தால் கோரிக்கைகளுக்கு விடை போகாது, உயிர்ச்சோதனை (சேவையகம் இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) தோற்று மேலாண்மை அமைப்பு அதை மறுதொடக்கம் செய்துவிடும். முகவர் ஒரு மாறியைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன கேட்கலாம் என்று சிந்திக்கும் நேரமும் இதில் அடங்கும். ஆகவே இணைவது, அடுக்குகளைக் கோப்பில் எழுதுவது, விடுவிப்பது ஆகிய மூன்றும் ஒரே அழைப்பில் முடிய வேண்டும் என்றும், சிந்தனையெல்லாம் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு நடக்கட்டும் என்றும் எழுதுங்கள்.

கருவிப்பட்டறை

இரண்டு திருத்தங்களையும் வரைவில் சேர்த்துவிட்டேன். இணைந்து, எழுதி, விடுவிக்கும் வேலையை ஆவணத்தில் விளக்குவதைக் காட்டிலும், குறைவேசிறப்பு சொன்னபடி ஒரே கட்டளையாகவே எழுதிக் கருவியில் வைத்துவிடலாம் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. அறிந்தே வழு புகுத்திய சிறு நிரல்கள் சிலவற்றைக் கொண்டு, ஆவணம் இருக்கும்போதும் இல்லாதபோதும் முகவர் செல்லும் பாதையை ஒப்பிட்டுப் பார்க்கவிருக்கிறோம். விடை சரியா என்பதோடு, எந்த நிலையில் எந்தக் கட்டளையைத் தேவையின்றி அழைத்தது என்பதையும் குறித்துக்கொள்வோம். முடிவுகள் கிடைத்ததும் இதே இழையில் இடுகிறேன்.